வீடற்றோர்க்கு இருவகைப் பணம்

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்பர். மூன்றாவது இல்லாதோர் செல்வம் மிகுந்த இலண்டன் மாநகரிலும் உளர். அவர்களுக்குத் தொண்டாற்றும் அறநிறுவனங்களுக்குப் பணம் இருவகையில் வருகிறது. ஒன்று மானியம், அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மற்றொன்று சமூக முதலீடு. அது முதலும் ஆதாயமுமாகத் திரும்ப வேண்டும்.

எங்கள் வீட்டிலும் இவ்விரண்டும் உண்டு. கூட்டுறவுக் கடனில் கறவை மாடு வாங்கினோம். பால் விற்று அடைத்தோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான் உதவித்தொகையில் படிக்கிறேன். அதுவும் கடனென்றால் அப்பா என்னை அனுப்பியிருக்கமாட்டார்.

இலண்டனில் 2013-இல் தொடங்கப்பட்ட 'ரியல் லெட்டிங்ஸ்' நிதியம், முதலீட்டாளர் பணத்தில் வீடுகளை வாங்கிச் 'செயின்ட் மங்கோஸ்' அறநிறுவனத்திற்குக் குத்தகைக்கு விட்டது. வீடிழக்கும் நிலையிலிருந்தோர் அங்குக் குடியேறினர். வாடகையே முதலீட்டாளரின் வருவாய்.

2012-இல் தொடங்கிய மற்றொரு திட்டம், தெருவில் உறங்கிய 831 பேருக்கானது. முதலீட்டாளர் முன்பணம் தந்தனர். வீடு பெற்றவர் ஓராண்டு நிலைத்தால் அதற்கென அரசு பணம் கொடுத்தது. பெயர்ப்பட்டியல் முன்னரே முடிவானதால் எளியவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்க இயலவில்லை. எனினும், பட்டியலுக்குள்ளேயே தேறமாட்டார் எனத் தோன்றுபவரைக் கைவிடும் ஆபத்து இத்தகைய முறையில் உண்டு.

வீடு வாடகை ஈட்டும். ஆதலால் கடனைத் தாங்கும். குடியிலிருந்து மீள்பவரோடு இரவெல்லாம் பேசியிருக்கும் தொண்டரின் உழைப்பு வாடகை ஈட்டாது. அதற்கு மானியமே வேண்டும். முதலீடு வந்ததென்று மானியத்தைக் குறைப்பது, மாட்டுக்குக் கடன் கிடைத்ததே என்று மாணவனின் உதவித்தொகையை நிறுத்துவது போலாகும்.