சக்தி செயலியில் லினக்ஸ் கருநிரலின் வழுநீக்கத் தெரிவுகள்: அமைவும் விலையும்

ஆய்வுச் சுருக்கம்

உட்பொதி செயலி ஒன்றில் லினக்ஸ் கருநிரலை இயக்கும்போது எழும் பிழை மென்பொருளில் உள்ளதா, வன்பொருளில் உள்ளதா என்பதைப் பிரித்தறிவதே பொறியாளரின் முதல் சிக்கலாகும். செயலியே புதிதாக வடிவமைக்கப்பட்டதாயின் இச்சிக்கல் இருமடங்காகிறது. சென்னை ஐ.ஐ.டி. நிறுவனத்தில் உருவான சக்தி செயலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கருநிரலின் வழுநீக்கத் தெரிவுகள் எவ்வாறு அமைந்துள்ளன, ஒவ்வொன்றும் நினைவகத்திலும் வேகத்திலும் பாதுகாப்பிலும் கோரும் விலை யாது, அவற்றை எந்த வரிசையில் இயக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வழுநீக்கத்தை ஒற்றைப் பொத்தானாகக் கருதாமல் விலையின் அடிப்படையில் நான்கு வகைகளாகப் பகுத்துக் கையாள வேண்டும் என்பது இதன் கருதுகோளாகும்.

குறிச்சொற்கள்: சக்தி செயலி, ரிஸ்க்-ஃபைவ், லினக்ஸ் கருநிரல், வழுநீக்கம், உட்பொதி அமைப்பு, கருநிரல் உள்ளமைவு

1. முன்னுரை

பெசன்ட் நகரிலிருந்து அடையாறு வழியே மேற்கு நோக்கிச் சென்றால் சர்தார் பட்டேல் சாலையில் ஐ.ஐ.டி. வளாகம் அமைந்துள்ளது. அங்குள்ள கணினி அறிவியல் துறையின் ரைஸ் ஆய்வுக்குழு 2014ஆம் ஆண்டில் சக்தி என்னும் செயலித் திட்டத்தைத் தொடங்கியது. திறந்த ஆணைத்தொகுதியான ரிஸ்க்-ஃபைவைத் தழுவி, புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்ட இச்செயலியின் மூலநிரல் பி.எஸ்.டி. உரிமத்தின்கீழ் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. 2018ஆம் ஆண்டில் ரைஸ்கிரீக் என்னும் பெயரில் 300 சில்லுகள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் வார்க்கப்பட்டன. அவற்றில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டில் ரிமோ என்னும் சில்லு சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவாயிற்று. 2020இல் மௌஷிக் வெளிவந்தது. விண்வெளிப் பயன்பாட்டுக்காக இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கப்பட்ட ஐரிஸ் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

செயலியை வடிவமைத்துவிட்டால் மட்டும் தன்னிறைவு கிட்டிவிடுவதில்லை. அச்செயலியின்மீது இயங்கும் கருநிரல் தடுமாறும்போது காரணத்தைக் கண்டறியும் திறனும் உடனிருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சந்தையில் புழங்கும் செயலியில் பிழை தோன்றினால் தம் நிரலையே முதலில் ஐயுறலாம். புதிய செயலியில் அவ்வாறு கொள்ள இயலாது. ஆணையைப் பிறழச் செயற்படுத்தும் வன்பொருளும், செயலியில் இல்லாத ஆணையைக் கோரும் நிரலும் வெளியில் ஒரே அறிகுறியையே காட்டக்கூடும். திரையில் எதுவும் தோன்றாது. இந்நிலையில் கருநிரலின் வழுநீக்கத் தெரிவுகளே சான்று தரும் கருவிகளாகின்றன. எனவே அவற்றை முறையாக அமைப்பது தனித்த ஆய்வுக்குரியதாகிறது. கருநிரல் உள்ளமைவில் வழங்கும் தெரிவுப் பெயர்கள் இக்கட்டுரையில் ஒலிபெயர்ப்பாகவே தரப்படுகின்றன.

2. ஆய்வுக் களம்

சக்தி குடும்பத்தில் இ-வகுப்பு, சி-வகுப்பு முதலிய பிரிவுகள் உள்ளன. இ-வகுப்பு மூன்று கட்டக் குழாய்வழி அமைப்புடையது; பொருள்களின் இணையக் கருவிகளுக்கும் நிகழ்நேர இயக்குதளங்களுக்கும் ஏற்றது. சி-வகுப்பு ஐந்து கட்டக் குழாய்வழி கொண்ட 64 துணுக்குச் செயலியாகும். மெய்நிகர் நினைவக வசதி உடையதாகலின் லினக்ஸை இயக்கும் ஆற்றல் பெற்றது. இக்கட்டுரை சி-வகுப்பையே கருதுகிறது.

சில்லு கைக்கு வருமுன் செயலி வடிவத்தைக் களநிரலாக்க வாயில் அணிப் பலகையில் ஏற்றிச் சோதிப்பது வழக்கம். கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகக் கிடைக்கும் ஆர்ட்டி ஏ7 பலகையில் 256 மெகாபைட் நினைவகம் உண்டு. மேசைக் கணினியில் பொருட்படுத்தத் தேவையற்ற கூடுதல் செலவு, இந்த 256 மெகாபைட்டுக்குள் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய செலவாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தெரிவின் விலையையும் முன்னறிந்தே இயக்க வேண்டியுள்ளது.

3. தெரிவு அமைப்பின் இயல்பு

லினக்ஸில் வழுநீக்கத் தெரிவுகளுள் பெரும்பாலானவை உள்ளமைவுப் பட்டியலின் இறுதியிலுள்ள ‘கெர்னல் ஹேக்கிங்’ பகுதியில் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு வாயிலாக அமைவது ‘டிபக் கெர்னல்’ என்னும் தெரிவு. இதனை இயக்கினாலே கருநிரல் பெருத்து மெதுவாகிவிடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது பொருந்தாது. இத்தெரிவின் முதன்மைப் பணி, பிற தெரிவுகளைக் காட்சிக்குக் கொணர்வதேயாகும். தனித் தெரிவின்கீழ் அடங்காத சில்லறைச் சோதனை நிரல்களுக்கென ‘டிபக் மிஸ்க்’ என்னும் வேறொரு தெரிவு பிற்காலத்தில் பிரிக்கப்பட்டது. அதனை மட்டும் அணைத்துவிட்டால் வாயில் திறந்திருந்தும் கூடுதல் சுமை மிகுதியாகச் சேர்வதில்லை.

மற்றொரு முரணும் இங்குச் சுட்டத்தக்கது. கருநிரலைச் சிறிதாக்க விழைவோர் ‘எக்ஸ்பெர்ட்’ என்னும் தெரிவை இயக்குவர். செய்தி அச்சிடும் வசதி, குறியீட்டு அட்டவணை முதலிய அடிப்படை உறுப்புகளை நீக்கும் உரிமை அதன் பின்னரே கிடைக்கிறது. ஆனால் ‘எக்ஸ்பெர்ட்’ இயங்கியவுடன் ‘டிபக் கெர்னல்’ தானாகவே இயங்கிவிடும். உறுப்புகளை நீக்குபவரின் கையில் பழுதறியும் கருவியும் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் இதில் புலப்படுகிறது. காரணம் அறியாதவர் இதனைக் கண்டு உள்ளமைவு பிறழ்ந்துவிட்டதாக மயங்குவதுண்டு.

4. விலை நோக்கில் வகைப்பாடு

4.1 பலகைக்கு விலையில்லாதவை

‘டிபக் இன்ஃபோ’ தெரிவு, ஆணை முகவரிகளை மூலநிரலின் வரிகளோடு இணைக்கும் தகவலை உருவாக்குகிறது. லினக்ஸ் 5.18 பதிப்பு முதல் இது ஆம், இல்லை என்னும் நிலையிலிருந்து, தகவல் வடிவத்தின் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக மாறியுள்ளது. இதனை இயக்கினால் தொகுப்புக் கணினியிலுள்ள கருநிரல் கோப்பு பன்மடங்கு பெருக்கும். அதனைக் கண்டு அஞ்சி அணைத்துவிடுவது தவறு. பலகையில் ஏற்றப்படும் படிமம் உருவாகும்போது இத்தகவல் முற்றிலும் உரிக்கப்பட்டுவிடுகிறது. பெருத்த கோப்பு பொறியாளரின் கணினியிலேயே தங்குகிறது. பலகைக்குச் செல்வது மெலிந்த படிமமேயாகும். தனித்து ஏற்றப்படும் கூறுகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை நிறுவும்போது உரிக்கும் ஆணையைச் சேர்க்காவிடில் கோப்பமைப்பில் இடம் விரயமாகும்.

4.2 சிறுவிலை கோருபவை

‘கால்சிம்ஸ்’ தெரிவு, செயற்கூறுகளின் பெயர்களைக் கருநிரலுக்குள்ளேயே வைக்கிறது. இஃது இல்லையெனில் கருநிரல் முறியும்போது வெளிப்படும் அறிக்கையில் வெறும் எண்களே காணப்படும். ‘ஃபிரேம் பாயின்டர்’ தெரிவு, எச்செயற்கூறு எதனை அழைத்தது என்னும் வரிசையைத் தெளிவாக மீட்டெடுக்க உதவுகிறது. ஒரு பதிவகத்தையும் சில ஆணைகளையும் விலையாகக் கொள்கிறது. ‘டைனமிக் டிபக்’ தெரிவு, இயக்கிகளில் உறங்கும் விளக்கச் செய்திகளை வேண்டும்போது மட்டும் எழுப்ப வழிசெய்கிறது. இதனால் கருநிரலின் ஆணைப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருக்கும் என அதன் உதவிக்குறிப்பே கூறுகிறது. செய்திகளைத் தாங்கும் இடையகத்தின் அளவு இரண்டின் அடுக்காகக் குறிக்கப்படுகிறது. 17 என இட்டால் 128 கிலோபைட். 14 என இட்டால் 16 கிலோபைட். தொடக்கநிலைச் செய்திகள் மேலெழுதப்பட்டு மறையும் பலகையில் இவ்வெண்ணை முதலில் நோக்குதல் வேண்டும்.

4.3 பெருவிலை கோருபவை

நினைவகப் பிழைகளைக் கண்டறியும் ‘கேசான்’ இவ்வகையின் தலைமைத் தெரிவு. அதன் பொது வடிவம் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் நிழல் நினைவகத்தைக் கோருகிறது. 256 மெகாபைட் பலகையில் 32 மெகாபைட் இதற்கே சென்றுவிடும். வேகமும் ஏறத்தாழ மூன்று மடங்கு குறையும். பூட்டுகளின் ஒழுங்கைச் சரிபார்க்கும் ‘புரூவ் லாக்கிங்’, நினைவகக் கசிவைத் தேடும் ‘கேமெம்லீக்’ ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவை.

இவற்றை ஒருங்கே இயக்குவதால் விளையும் இடர் வேகக் குறைவோடு முடிவதில்லை. கருநிரலின் மென்முடக்க எச்சரிக்கை இயல்பாக 20 நொடிகளிலும், தொங்கிய பணி பற்றிய எச்சரிக்கை 120 நொடிகளிலும் எழுகின்றன. இவ்வெல்லைகள் கடிகார நேரத்தைச் சார்ந்தவை. செயலியின் வேகத்தை அவை அறியா. குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் வாயில் அணிப் பலகையில் கேசானும் சேரும்போது, முறையாக நடைபெறும் பணியே முடங்கியதாக அறிவிக்கப்படலாம். மறுபுறம், நேர ஒழுங்கைச் சார்ந்த உண்மையான வழு, வேகம் மாறியதால் மறைந்தும் போகலாம். ஆதலால் பெருவிலைத் தெரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு குறிப்பிட்ட ஐயத்தைத் தீர்ப்பதற்காக மட்டுமே இயக்குதல் தக்கது.

4.4 பாதுகாப்பை விலையாகக் கோருபவை

‘கேஜிடிபி’ தெரிவு, இயங்கும் கருநிரலைத் தொடர்துறை வழியே நிறுத்தி ஆராய இடமளிக்கிறது. தொடர்துறை இயக்கியில் குறுக்கீடின்றி எழுத்துகளை வாங்கவும் அனுப்பவும் வல்ல செயற்கூறுகள் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இது செயற்படும். புதிய செயலிக்கு எழுதப்படும் இயக்கிகளில் இப்பகுதி விடுபட வாய்ப்பு மிகுதி. ‘டிபக் எஃப்எஸ்’, ‘மேஜிக் சிஸ்ஆர்க்யூ’ ஆகியனவும் ஆய்வகத்தில் துணையாகவும் களத்தில் திறந்த கதவாகவும் அமைபவை.

5. ஓசையின்றி நின்றுவிடும் தொடக்கம்: ஆய்வு முறை

மேற்கண்ட வகைப்பாட்டின் பயனை ஒரு பொதுவான நேர்வின் வழியே விளக்கலாம். நிலைபொருளாகிய ஓப்பன்எஸ்பிஐ தன் பெயர்ப்பலகையை அச்சிடுகிறது. அதன்பின் கருநிரலிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

முதற்படியாக, நிலைபொருள் வழியே செய்தி அனுப்பும் முன்தொடக்க முனையத் தெரிவை இயக்கி, தொடக்க வரியில் அதற்குரிய சொல்லையும் சேர்க்க வேண்டும். ஓப்பன்எஸ்பிஐ சக்தியின் தொடர்துறையை இயக்க அறிந்ததாகலின், கருநிரலின் சொந்த இயக்கி எழுவதற்கு முன்னரே செய்திகள் வெளிவரும். கருநிரலின் பதிப்பு வரி இப்போது தோன்றுமாயின் கட்டுப்பாடு கருநிரலை அடைந்துவிட்டது என்பது உறுதியாகிறது. குறை பெரும்பாலும் சாதன மரத்திலுள்ள தொடர்துறைக் குறிப்பிலோ இயக்கியிலோ இருக்கும்.

அப்போதும் மௌனம் நீடித்தால் இரண்டாம் படி. ரிஸ்க்-ஃபைவ் கருநிரலின் முதல் ஆணைகள் இயங்கும் கட்டத்தில் எதிர்பாராத விலக்கு நேர்ந்தால், அது முறையான அறிக்கை எதுவும் தராமல் காத்திருப்புச் சுழலுக்குள் சென்றுவிடுமாறு எழுதப்பட்டுள்ளது. அக்கட்டத்தில் எந்த மென்பொருள் தெரிவும் பேசாது. ஜேடேக் இணைப்பின் வழியே செயலியை நிறுத்தி, ஆணைச் சுட்டியின் மதிப்பைப் படிக்க வேண்டும். 4.1இல் கண்ட தகவல் கணினியில் காக்கப்பட்டிருந்தால் அம்மதிப்பு நேரே மூலநிரலின் வரியைக் காட்டும். சுட்டி பௌதிக முகவரியில் நிற்குமாயின் பக்கவாக்கம் தொடங்கவில்லை. மெய்நிகர் முகவரியில் நிற்குமாயின் தொடங்கிவிட்டது என உணரலாம்.

மூன்றாம் படியாக, விலக்கின் காரணத்தைத் தாங்கும் பதிவகத்தைப் படித்தல் வேண்டும். அதன் மதிப்பு 12, 13, 15 ஆகியவற்றுள் ஒன்றாயின் முறையே ஆணை, ஏற்றம், சேமிப்பு ஆகியவற்றில் நேர்ந்த பக்கப் பிழையாகும். நினைவக வரைபடத்தையும் சாதன மரத்தையும் ஆராய வேண்டும். மதிப்பு 2 ஆயின் செயலி அறியாத ஆணை. சுருக்க ஆணைகள், மிதவைப்புள்ளி ஆணைகள் முதலிய நீட்சிகளைச் செயலியின் அவ்வடிவம் கொண்டிராதபோது, கருநிரல் உள்ளமைவில் அவை இயங்கியிருந்தால் இவ்விளைவு நேரும். அந்நீட்சி செயலியில் உண்டு என்று வடிவமைப்பு கூறியும் மதிப்பு 2 தோன்றுமாயின், அப்போதுதான் வன்பொருளை ஐயுறுவதற்கு அடிப்படை உண்டாகிறது.

இம்மூன்று படிகளும் பலகைக்கு விலையில்லாத தெரிவுகளையும் சிறுவிலைத் தெரிவுகளையும் மட்டுமே சார்ந்திருத்தல் நோக்கத்தக்கது. கேசான் போன்றவை இங்கு உதவா. கருநிரல் ஓரளவேனும் எழுந்து நின்ற பின்னரே அவற்றுக்கு வேலை உண்டு.

6. உள்ளமைவைப் பேணும் முறை

பட்டியலில் கைப்பட மாற்றிய தெரிவுகள் சில நாட்களில் மறந்துபோகும். எனவே அடிப்படை உள்ளமைவு ஒன்றையும், ஒவ்வொரு வழுநீக்கத் தேவைக்கும் சிறு துண்டுக் கோப்புகளையும் தனித்தனியே வைத்து, கருநிரலோடு வரும் இணைப்பு நிரலால் ஒன்றாக்குவதே சீரிய முறையாகும். சார்புத் தெரிவு இயங்காதபோது கேட்கப்பட்ட தெரிவு இறுதிக் கோப்பில் இடம்பெறாமல் போய்விடும். இணைப்பு நிரல் அதனை எச்சரிக்கையாகக் காட்டும். அவ்வெச்சரிக்கையைப் படிக்காது விடுபவர், இயங்காத கருவியின் மௌனத்தை வழுவின்மைக்குச் சான்றாகக் கொண்டுவிடுவர்.

வெளியீட்டு உள்ளமைவில் நான்காம் வகை முழுதும் நீக்கப்பட வேண்டும். மூன்றாம் வகையும் நீங்கும். ஆனால் முதல் வகையை நீக்கத் தேவையில்லை. களத்திற்குச் சென்ற ஒவ்வொரு படிமத்துக்கும் உரிய தகவல் கோப்பைக் காத்துவைத்தால், பின்னாளில் வரும் முறிவு அறிக்கையை அதனைக் கொண்டு படிக்கலாம். அதே மூலநிரலைப் பிறிதொரு நாளில், வேறொரு தொகுப்பியால் தொகுத்துப் பெறும் கோப்பு முகவரிகளில் மாறுபடக்கூடுமாகலின் அதற்கு ஈடாகாது.

7. முடிவுரை

வழுநீக்கத் தெரிவுகளை முழுதும் இயக்குவதும் முழுதும் அணைப்பதும் ஒரே அறியாமையின் இரு வடிவங்களாகும். விலையின் அடிப்படையில் பகுத்து நோக்கும்போது, மிகுந்த பயன் தரும் தெரிவுகள் பெரும்பாலும் மிகக் குறைந்த விலை உடையவை என்பது தெளிவாகிறது. பிழை வன்பொருளினதா, மென்பொருளினதா என்னும் வினாவுக்கு விடை பெரிய கருவிகளால் கிடைப்பதைவிட, காக்கப்பட்ட தகவல் கோப்பு, முன்தொடக்க முனையம், ஒரு பதிவகத்தின் மதிப்பு ஆகிய எளிய சான்றுகளாலேயே கிடைக்கிறது. சக்தி போன்று மூலநிரல் திறந்துள்ள செயலியில் அச்சான்றைத் தொடர்ந்து செயலியின் வடிவமைப்பு வரை சென்று சரிபார்க்க இயலும். மூடிய செயலிகளைக் கொண்டு உட்பொதி அமைப்புகளைக் கற்பிக்கும் கல்லூரிகளில் மாணவரின் தேடல் ஆணைச் சுட்டியோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பாலும் செல்லும் வாய்ப்பைப் பாடத்திட்டத்தில் இணைப்பது, உள்நாட்டுச் செயலிகளைத் தாமே பேணவல்ல தலைமுறையை உருவாக்க வழிவகுக்கும்.