நம் ஊர்த் தாவரவியல் பூங்கா

விடுமுறை என்றவுடன் உதகையும் கொடைக்கானலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் புதுச்சேரி நகருக்குள்ளேயே, பழைய பேருந்து நிலையத்துக்குத் தெற்கே, சுமார் 22 ஏக்கர் பரப்பில் மர நிழலும் நடைபாதைகளும் கொண்ட ஒரு சோலை இருக்கிறது. அதுவே தாவரவியல் பூங்கா. நம்மில் பலர் சிறு வயதில் ஒரு முறை பெற்றோரின் கைபிடித்துப் போய் வந்திருப்போம். அதன் பின் மறந்திருப்போம். ஒரு முறை பார்த்தால் போதும் என்பது கட்டடங்களுக்குப் பொருந்தலாம், மரங்களுக்குப் பொருந்தாது. தையில் பார்த்த மரம் சித்திரையில் வேறு கோலம் கொண்டு நிற்கும். ஆகவே ஆண்டு முழுவதும் போய்வர வேண்டிய இடம் இது.

தோட்டம் பிறந்த கதை

பிரெஞ்சுக்காரர் இத்தோட்டத்தை 1826-ஆம் ஆண்டில் அமைத்தனர். மறு ஆண்டிலேதான் குளூனி சபை அருட்சகோதரிகள் கடல் கடந்து புதுச்சேரிக்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கினர். பள்ளியும் தோட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இவ்வூரில் வேரூன்றின எனலாம்.

தொடக்கத்தில் இது பொழுதுபோக்குப் பூங்காவாக இருக்கவில்லை. எந்தப் பயிர், எந்த மரம் இம்மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றது என்று நட்டுப் பார்க்கும் சோதனைத் தோட்டமாகவே இருந்தது. இதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பெரோத்தே என்னும் தாவரவியல் அறிஞர். சுவிட்சர்லாந்தில் பிறந்த அவர், ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் செடிகொடிகளை ஆராய்ந்தவர். நீலகிரி மலையிலும் சுற்றித் திரிந்து தாவரங்களைச் சேகரித்தவர். அந்நாளில் அவுரிச் சாயம் தோய்த்த புதுச்சேரி நீலத் துணிகள் செனகலுக்குக் கப்பலேறின. அந்த அவுரியைப் பற்றியும் அவர் நூல் எழுதினார். 1870-இல் இவ்வூரிலேயே காலமானார். தாம் நடும் கன்று முதிர்ந்த மரமாவதைத் தாமே காண முடியாது என்று அறிந்தும் நட்டவர்களால் உருவான தோட்டம் இது.

மாதந்தோறும் ஒரு காட்சி

தை, மாசி மாதக் காலைகள் நடப்பதற்கு மிகவும் இதமானவை. இலவ மரம் இலை உதிர்த்து நிற்கும். வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி என்னும் வண்ணப் பறவை, சருகுகளைக் கிளறிப் பூச்சி தேடும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் அதற்கு அப்பெயர். சத்தமிட்டு ஓடுபவர்களுக்கு அது தென்படாது. நின்று காத்திருப்பவர்களுக்கே தென்படும்.

பங்குனியில் புங்கம் பளபளக்கும் தளிர் விடும், வேம்பு பூக்கும், குயில் கூவும். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும். மே பிளவர் என்று நாம் அழைக்கும் செம்மயிற்கொன்றை தீப்பற்றியது போல் சிவந்து நிற்கும். இம்மரத்தின் தாயகம் மடகாஸ்கர் தீவு என்பது வியப்பன்றோ! அடிமரத்திலேயே பூக்கும் நாகலிங்க மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. விருந்தாளியாக வந்தவை இன்று வீட்டாராகிவிட்டன.

ஆனி, ஆடியில் நாவற்பழம் உதிர்ந்து பாதையெல்லாம் ஊதாவாகும். வேப்பம்பழத்தை உண்ணும் காகமும் மைனாவும் விதைகளை வேறிடங்களில் விதைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காளான்கள் தலைநீட்டும், மரவட்டைகள் ஊரும், தவளைகள் பாடும். குடை பிடித்துக்கொண்டு தூறலில் நடப்பதும் தனி இன்பமே.

'தானே' தந்த பாடம்

2011 டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. இப்பூங்காவின் முதிய மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. பல தலைமுறைகள் வளர்த்தவை ஒரே இரவில் விழுந்தன. 2024 நவம்பர் 30 அன்று வந்த 'பெஞ்சல்' புயலின்போதோ ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பெயர் தெரிந்த ஒருவர் மறைந்தால் நாம் வருந்துகிறோம். பெயரே தெரியாத மரம் விழுந்தால், "வழியை அடைக்கிறதே" என்று மட்டும்தான் சொல்கிறோம். அறியாததை நேசிக்க முடியாது. நேசிக்காததைக் காக்கவும் மாட்டோம். புயலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் கன்றுகளை நட்டுக் காக்கலாம். வேருக்கு மூச்சுவிட இடமின்றிச் சிமெண்டு பூசுவதைத் தவிர்க்கலாம்.

போகும் முறை

அன்னையோடோ அக்காவோடோ மாதம் ஒரு முறை, வெயில் ஏறுமுன் செல்லுங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டறியுங்கள். தண்ணீரும் ஒரு குறிப்பேடும் போதும். ஆளுக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயரை அறிந்து, மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நூலால் அளந்து எழுதுங்கள். தளிர், பூ, காய், வந்தமரும் பறவை ஆகியவற்றை நாளிட்டுக் குறியுங்கள். உதிர்ந்த இலையைத் தாளிடையே வைத்து உலர்த்துங்கள். செடியிலிருந்து பறிக்க வேண்டாம். 1955-இல் தொடங்கப்பெற்ற நம் ஊர்ப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் அறிஞர்கள் இவ்வாறே உலர்த்திய தாவரங்களைச் சேர்த்துக் காத்து வருகின்றனர். பன்னிரண்டு மாதம் சென்றபின், எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு நூல் உங்கள் கையில் இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பெண் பிள்ளைகளுக்குப் படிப்பும் வீட்டு வேலையும் மட்டும் போதாது. திறந்த வெளியில் நடப்பதும் ஓடுவதும் உடலுக்கு வலிமையும் மனத்துக்குத் தெளிவும் தருவன. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

இறைவன் முதல் மனிதனை ஒரு தோட்டத்தில் வைத்து, அதைப் பேணும் பொறுப்பையும் அவனிடம் தந்தார் என்று திருமறை கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலும் இப்பூமியை நம் பொது இல்லம் என்று நினைவூட்டுகிறது. அந்த இல்லத்தின் ஒரு சிறு அறை நம் ஊரிலேயே இருக்கிறது. அன்புத் தோழியரே, செல்வோம். மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகுவோம். நமக்குப் பின் வருவோருக்காக அவற்றைக் காப்போம்!