தண்டவாளத்தில் ஓர் ஆஸ்பத்திரி

ஊர் கூடித் தேர் இழுப்பது நம்மவர்க்குப் புதிதன்று. வடம் பிடிப்போர் ஒருபுறம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவோர் ஒருபுறம். எவர் ஒதுங்கினாலும் தேர் நிலைக்கு வந்து சேராது. இருப்புப் பாதையில் ஓடும் அத்தகைய தேர் ஒன்றைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம். ‘லைப்லைன் எக்ஸ்பிரஸ்’ என்றும், ‘ஜீவன் ரேகா’ என்றும் அதனை அழைப்பர். அது டிக்கட் வாங்கி ஏறும் வண்டியன்று; ஓர் ஆஸ்பத்திரி.

இம்பாக்ட் இந்தியா பவுண்டேஷன் என்னும் தொண்டு ஸ்தாபனத்தாரின் முயற்சியால், 1991 ஜூலை 16-ஆம் நாள் மும்பையில் இவ்வண்டி தொடங்கப்பெற்றது. அப்பொழுது இருந்தவை மூன்றே பெட்டிகள். முதல் முகாம், அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள கலாரி என்னும் ஊரில் நடைபெற்றது. 2016-இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென இரு பெட்டிகள் சேர்ந்து, வண்டி ஏழு பெட்டிகள் கொண்டதாயிற்று. கண்புரை, உதட்டுப் பிளவு, காது நோய், இளம்பிள்ளை வாதத்தால் நேர்ந்த ஊனம் முதலியவற்றுக்கு, வைத்தியவசதி குறைந்த ஊர்களில் சில வாரங்கள் தங்கி, காசு வாங்காமல் அறுவைச் சிகிச்சை செய்கின்றனர். இதுவரை பயன் பெற்றோர் பத்து இலட்சத்துக்கும் மேலாவர்.

இதனைத் தனியொருவர் செய்துவிட இயலுமோ? பெட்டிகளைத் தந்து, இழுத்துச் சென்று, ஒதுக்குத் தடத்தில் நிறுத்தி வைப்பது ரயில்வே. முகாமின் செலவைப் பெரும்பாலும் கம்பெனிகள் ஏற்கின்றன. நோயாளிகளைத் திரட்ட மாவட்ட நிர்வாகம் துணை நிற்கின்றது. டாக்டர்கள் ஊதியம் கருதாது வெளியூர்களிலிருந்து வருகின்றனர். இவர்கள் அனைவரையும் ஒரே தேதியில், ஒரே ஊரில் கொண்டு சேர்ப்பதே தொண்டு ஸ்தாபனத்தின் வேலை. பணம் கம்பெனியிடம் உண்டு. தடம் சர்க்காரிடம் உண்டு. கோக்கும் நார் இல்லையேல் பூக்கள் மாலையாகா.

இத்தனை பேர் கூடியும் ஒரு கை குறையக்கூடும். அது நம் கை. முன்பு நாம் குமாஸ்தாவாக இருந்த சிறு நிலையத்துக்கு அடுத்த ஜங்ஷனில் இவ்வண்டி வந்து நின்றது. அதைப் பற்றிய தாக்கீது நம் மேஜைக்கே வந்தது. எந்தத் தடம், எத்தனை நாள் என்று பார்த்து, பைலில் சேர்த்துவிட்டோம். நம் குடியிருப்புக்குப் பால் கொணரும் அம்மையாரின் பேத்திக்கு உதடு பிளந்திருந்ததை நாள்தோறும் கண்டும், இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. வண்டி போன பின்னர், “பாபுஜி, உங்களுக்குத் தெரியாதா?” என்று அவர் கேட்டபொழுது நாம் தலை குனிந்தோம். அக்குழந்தைக்கு வேறோர் இடத்தில் சிகிச்சை கிடைக்க மேலும் இரண்டாண்டுகள் ஆயின.

அன்பர்களே! பிழைக்க வந்த ஊருக்கு நாம் பட்ட கடன் பெரிது. இத்தகைய முகாம் அருகில் வருமென்று அறிந்தால், பால்காரர் வீட்டுக்கும் சலவைக்காரர் வீட்டுக்கும் நம் சங்கத்தார் நேரில் சென்று, அவர்கள் மொழியில் சொல்லுதல் வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதோரை உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். வண்டி நகர்ந்த பின்னும், கண்ணுக்கு மருந்திடவும் புண்ணைக் காட்டவும் அவர்களை உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அடுத்த முறை அவ்வடத்தில் நம் கையும் படுவதாக.