பாக்கெட்டில் வெளிச்சம் வைத்திருக்கும் குட்டிச் சுறா... ஃப்ரீஸரில் 3 ஆண்டுகள் தூங்கிய ரகசியம்!

சுறா என்றாலே படகைப் புரட்டிப்போடும் ராட்சத வாய்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், இந்தச் சுறாவை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். நீளம் 142 மில்லிமீட்டர், எடை 14.6 கிராம். மத்தி மீன் கூடையில் போட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

உண்மையில் அப்படித்தான் நடந்தது. 2010 பிப்ரவரியில், அமெரிக்க அரசின் 'பைசீஸ்' ஆய்வுக் கப்பல் மெக்சிகோ வளைகுடாவில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களின் உணவு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. வலையில் வந்த மீன்களை ஃப்ரீஸரில் போட்டு வைத்தார்கள். 2013-ல் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலா ஆய்வகத்தில் அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்த மார்க் கிரேஸ் கையில் இந்தக் குட்டி சிக்கியது. முன்துடுப்புக்கு அருகே, இரண்டு பக்கமும் சட்டைப் பை போல ஒரு பிளவு. இது என்ன?

நூல்களைப் புரட்டினால் ஒரே ஒரு முன்னோடிதான். 1979-ல் சிலே நாட்டுக்கு அப்பால், பசிபிக் கடலில் சுமார் 330 மீட்டர் ஆழத்தில் கிடைத்த 40 சென்டிமீட்டர் பெண் சுறா. அப்படியானால் இது அதே இனத்தின் குட்டியா? தொப்புள்கொடித் தழும்பு இருந்ததால், பிறந்து அதிக நாள் ஆகவில்லை என்பது தெரிந்தது. ஆக, அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. அறுத்துப் பார்க்கலாம் என்றால், கையில் இருப்பதோ ஒன்றே ஒன்று!

கத்தியைத் தொடாமலே வேலையை முடித்தார்கள். பிரான்ஸின் கிரனோபிள் நகரில் உள்ள சின்க்ரோட்ரான் மையத்தில், மிக நுண்ணிய எக்ஸ்ரே கதிர்கள் மூலம் உடலுக்குள் படம் எடுத்தார்கள். விடை முதுகெலும்பில் இருந்தது. பசிபிக் சுறாவைவிட இதற்கு 10 முள்ளெலும்புகள் குறைவு. வளர்ந்தால் உடல் நீளும். முள்ளெலும்பின் எண்ணிக்கை கூடாது. எனவே இது வேறு இனம்தான். 2019-ல் 'மோலிஸ்குவாமா மிசிசிப்பியென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, அந்தப் பாக்கெட் எதற்கு? ஒளிரும் திரவத்தைச் சுரக்கும் சுரப்பி அது. போதாக்குறைக்கு உடலின் பெரும்பகுதியிலும் நுண்ணிய ஒளிப்புள்ளிகள். திமிங்கிலத்தின் சதையை வட்டமாகக் கடித்து எடுக்கும் 'குக்கி கட்டர்' சுறாவுக்கு இது சொந்தக்காரன் வேறு!

இப்போது இந்தக் குட்டி அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழக மீன் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது. அதன் பசிபிக் சொந்தமோ, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்.