சரிவு சொல்வதும் உயரம் சொல்வதும்



தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நான், வினைவேகத்தை முதலில் அறிந்தது 'காடார் தீண்டாக் பாலாஸ்' என்ற பெயரில்தான். இன்று வார இறுதிகளில் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். 'வினை வேகமாக நடந்தால் வாயு அதிகம் கிடைக்கும்' என்று அவர்களில் பலர் எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் போகிறது. வேகம் வேறு, அளவு வேறு என்பதைத் தமிழில் விளக்குவதே என் நோக்கம்.

துத்தநாகத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் ஹைட்ரஜன் வெளியாகும். ஒரு மோல் துத்தநாகத்திற்கு இரண்டு மோல் அமிலம் தேவை. 1.3 கிராம் துத்தநாகம் என்பது 0.02 மோல். லிட்டருக்கு 0.2 மோல் செறிவுள்ள அமிலத்தில் 50 மில்லிலிட்டர் எடுத்தால் 0.01 மோல்தான் இருக்கும். எனவே 0.005 மோல் துத்தநாகம் கரைந்ததுமே அமிலம் தீர்ந்துவிடும்; மீதி உலோகம் அடியில் கிடக்கும். கிடைக்கும் ஹைட்ரஜனும் 0.005 மோல்தான், அறை நிலையில் 120 மில்லிலிட்டர். முதலில் தீர்ந்துபோகும் அமிலமே இங்கு வரம்பிடும் பொருள்.

நேரத்திற்கேற்ப வாயுவின் கன அளவை வரைந்தால், கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும், அமிலம் குறையக் குறையச் சாயும், 120இல் கிடையாகிவிடும்.

இனி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். துத்தநாகத் துண்டுகளுக்குப் பதில் அதே எடையில் தூளைப் போட்டாலும், வினையூக்கியாகச் சில துளி செப்பு சல்பேட் சேர்த்தாலும் சரிவு கூடும், உயரம் 120தான். அமிலத்தின் செறிவை 0.4 ஆக்கி 50 மில்லிலிட்டரே எடுத்தால் சரிவும் கூடும், உயரமும் 240 ஆகும். அதே 0.4 அமிலத்தில் 25 மில்லிலிட்டர் மட்டும் எடுத்தால்? தொடக்கச் சரிவு கூடும். உயரமோ மீண்டும் 120!

பொங்கல் விருந்தை எண்ணிப் பாருங்கள். வாழையிலை 100 இருக்கிறது. சோறு 60 பேருக்குத்தான். பரிமாறுவோரை இரட்டிப்பாக்கினால் பந்தி விரைவில் முடியும்; ஆனால் 61ஆவது ஆளுக்குச் சோறு கிடைக்காது.

ஆகவே, வளைகோட்டுக் கேள்வியைக் கண்டதும் முதலில் மோல் கணக்கைப் போடுங்கள். எது முதலில் தீரும் என்று அறிந்து உயரத்தைக் குறியுங்கள். சரிவைப் பற்றிப் பிறகு யோசியுங்கள். உங்கள் தம்பி தங்கையருக்கும் இதைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். புரிந்துகொண்டவர் தேர்வில் எந்த மொழியிலும் எழுதிவிடுவார்.