'ஃபன்னர்' என்ற சொல் செல்லுமா?

ஸ்கிரேபிள் பலகையில் மகன் 'ஃபன்னர்' என்று எழுத்துகளை அடுக்குகிறான். "அப்படி ஒரு சொல்லே கிடையாது, எடு" என்கிறார் அப்பா. பையன் முகம் சுருங்க, ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. யார் பக்கம் நியாயம், நேயர்களே?

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. 'அதைவிட இது பெரியது' என்னும்போது 'பெரியது' மாறுவதில்லை. ஒப்பீட்டை 'விட' சுமக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லே உருமாறும். 'ஃபாஸ்ட்' போன்ற ஓரசைப் பெயரடை 'ஃபாஸ்டர்' ஆகும். 'பியூட்டிஃபுல்' போன்ற நீண்ட சொல்லுக்கு முன்னால் 'மோர்' வரும்.

'ஃபன்' ஓரசைச் சொல்தானே, பிறகென்ன தடை? அது நெடுங்காலம் பெயர்ச்சொல்லாகவே வாழ்ந்தது. பெயரடையாகப் பரவலாகப் புழங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதனால் ஆசிரியர்கள் 'மோர் ஃபன்' என்றே எழுதச் சொல்வார்கள். தேர்வுத்தாளில் அப்படி எழுதுவதே பாதுகாப்பு.

ஸ்கிரேபிளில் நீதிபதி வேறு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சொற்பட்டியல்தான் அங்கே தீர்ப்புச் சொல்லும். மலேசிய, சிங்கப்பூர்ப் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் 'ஃபன்னர்' உண்டு. 'யூனிக்கர்' கூட உண்டு! 'ஒப்பற்ற' என்று பொருள்படும் சொல்லுக்கே ஒப்பீடா என்று இலக்கணம் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். புள்ளி என்னவோ புள்ளிதான். செல்லும் சொல்லை ஆட்சேபித்தவருக்கு அபராதமும் உண்டு.

வீட்டிலும் பையில் கைவிடுமுன் எந்த அகராதி என்று பேசிவிடுங்கள். காலின்ஸ் என்றால், மகனுக்கு 9 புள்ளிகள், சிறப்புக் கட்டங்கள் நீங்கலாக.