வரிசையில் உட்காராத இரும்பு

சேலையூரில் டிரான்ஸ்பார்மர் வைண்டிங் பட்டறை நடத்துகிற எனக்குக் கோர் என்றால் வெகுகாலம் சிலிக்கான் ஸ்டீல் ஸ்டாம்பிங்தான். அமார்ஃபஸ் கோர் வேறு ரகம். இரும்பு, சிலிக்கான், போரான் சேர்ந்த நாடா, தடிமன் சுமார் 0.025 மில்லிமீட்டர். லோடு இல்லாதபோதும் கோர் விழுங்குகிற மின்சாரம் இதில் சுமார் 70 சதவீதம் குறையும். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு ராத்திரியும் ஓய்வில்லையே, அங்கே இது பெரிய மிச்சம்.

காரணம், இந்த இரும்பில் படிகம் கிடையாது. பீச் லோக்கல் ரயில் தாம்பரத்தில் காலியாக நின்றால் ஜனம் சீட் பார்த்து உட்காரும். உடனே கிளம்பிவிட்டால் ஏறிய இடத்திலேயே நிற்கும். உலோகம் உறையும்போது அணுக்களும் அப்படித்தான். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்தால் அடுக்காக அமர நேரமிருக்காது. தங்க-சிலிக்கான் கலவையில் இதை 1960-இல் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் கால்டெக்கைச் சேர்ந்த போல் டுவே குழுவினர். இன்று சுழலும் செம்புச் சக்கரத்தில் உருகிய கலவையைப் பீய்ச்சி நாடா எடுக்கிறார்கள்.

நின்ற அணு, சூடு பட்டால் நகரும். சுமார் 350 டிகிரியில் அனீல் செய்தால், அதாவது சூட்டில் வைத்து ஆறவிட்டால், நாடாவைச் சுற்றியதில் ஏறிய இறுக்கம் தளரும். 500-ஐத் தாண்டினால் இரும்புப் படிகமும் போரைடும் பருத்து, மின்னிழப்பு எகிறும்.

படிகம் வந்தாலே கேடு என்றில்லை, பருத்தால்தான் கேடு. 1988-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி மெட்டல்ஸில் யோஷிசாவா குழுவினர் கலவையில் கொஞ்சம் செம்பும் நியோபியமும் சேர்த்து, சுமார் 550 டிகிரியில் வேண்டுமென்றே படிகமாக்கினார்கள். செம்பு ஏராளமான இடங்களில் கரு வைத்தது, நியோபியம் வளரவிடவில்லை. சுமார் 10 நானோமீட்டர் அளவில் நின்றுவிட்ட படிகங்கள் காந்தத்துக்கு நன்றாகவே வளைந்துகொடுத்தன.

படிகத்தைப் பருக்கவிடாமல் வைக்க இன்னொரு வழி, ஒளித்துடிப்பு. செனான் விளக்கையோ லேசரையோ பளிச்சென்று நாடாவில் பாய்ச்சினால், அடுப்பில் வெகுநேரம் பிடிக்கிற மாற்றம் நொடிப்பொழுதில் முடியும். சூடு விரைந்து ஏறும்போது படிகமாவது இன்னும் உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளிப்போகும். அங்கே கருக்கள் கூட்டமாய் முளைக்கும். துடிப்பு அடங்கிவிடுவதால் பருக்க நேரம் கிடைக்காது. லேசரென்றால் நாடாவில் வேண்டிய இடத்தை மட்டும் மாற்றலாம்.

எங்களிடம் கோர் அனீல் ஆகியே வருகிறது. அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் எங்கள் வேலை. லீடு பிரேஸ் செய்கிற பையனிடம் சொல்வேன்: “தம்பி, டார்ச்சைக் கோர் பக்கம் திருப்பாதே. 500 டிகிரி வரவில்லையே என்றும் இருந்துவிடாதே. அதற்குக் கீழேகூட, நேரம் கொடுத்தால் படிகம் வந்துவிடும்.”